அந்தரங்கப் படம் அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏறிவிட்டதா? என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

உங்கள் படமோ வீடியோவோ உங்கள் சம்மதம் இல்லாமல் ஏதோ ஒரு தளத்தில் கிடக்கிறது என்று இப்போதுதான் தெரியவந்து, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது, யாரை நம்பி அனுப்பினீர்கள், எத்தனை பேரோடு பழகினீர்கள் என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. வெளியிடச் சம்மதித்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி.

"நீதானே அனுப்பினாய்" என்று வீட்டிலும் கேட்பார்கள், சில நேரம் காவல் நிலையத்திலும் கேட்பார்கள். அதற்குப் பதில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவிலேயே இருக்கிறது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் ஆளிடம் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை என்றால், கொடுப்பது குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. முதல் தடவைக்கு 1 முதல் 3 வருடம், மறுபடி செய்தால் 3 முதல் 7 வருடம் சிறை. இந்தப் பிரிவு பெண்களை மட்டும்தான் காக்கிறது என்பது ஒரு குறை, ஆனால் ஆண்களுக்கும் திருநர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு யாருடைய அந்தரங்க உறுப்பையும் சம்மதமில்லாமல் படம் பிடிப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது, 67ஏ பிரிவு பாலியல் செயல் உள்ள எதையும் இணையத்தில் ஏற்றுவதைத் தண்டிக்கிறது, அதற்கு முதல் தடவையே 5 வருடம் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காகிதத்தில் மட்டும் இருக்கிற தண்டனை என்று நினைக்க வேண்டாம். பழகிய பெண்ணின் படங்களை ஆபாசத் தளத்தில் ஏற்றிய இளைஞருக்கு மேற்கு வங்கத்தில் ஒரு நீதிமன்றம் 2018-இல் 5 வருடம் சிறை கொடுத்தது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

அழிப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள்

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது, அனுப்பியவனைத் திட்டிவிட்டு பிளாக் செய்வது, சாட்டை அழிப்பது, போனை ரீசெட் செய்வது. தயவுசெய்து மூன்றையும் செய்யாதீர்கள். ஏற்றியது யார் என்று காட்டும் சாட்சி அதில்தான் இருக்கிறது.

படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இருக்கும் லிங்க்கை முழுதாக நகலெடுத்து ஒரு இடத்தில் சேமியுங்கள். தளத்தின் பெயர் மட்டும் போதாது, அந்தப் படத்துக்கே உரிய முழு லிங்க் வேண்டும். பிறகு லிங்க், ஏற்றியவரின் பயனர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டெலிகிராம் பொதுச் சேனலாக இருந்தால் அந்தப் பதிவை அழுத்திப் பிடித்து அதன் லிங்க்கை நகலெடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் குழுவின் பெயர், அட்மின்களின் எண்கள், அனுப்பியவரின் எண் ஆகியவை தெரியும்படி எடுங்கள், பெயர் மட்டும் தெரிந்து எண் தெரியாத ஸ்கிரீன்ஷாட்டால் பெரிய பயன் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒரு நோட்டு போடுங்கள்: எந்த லிங்க், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் புகார் செய்தீர்கள், என்ன எண் கொடுத்தார்கள். பின்னால் நீதிமன்றம் வரை போனாலும் இந்த நோட்டுதான் உங்கள் கையில் இருக்கப்போகும் பெரிய ஆயுதம்.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் முறையே வேறு. அந்தப் படத்தை நீங்கள் சேமிக்கவும் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் கூடாது, "பார்த்தாயா" என்று இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்யவே கூடாது, பெற்றோராக இருந்தாலும் சரி. அம்பத்தூரைச் சேர்ந்த ஒருவர் போனில் இப்படிப்பட்ட வீடியோ வைத்திருந்த வழக்கில், வெறுமனே வைத்திருந்தது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவுப்படி அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருப்பதே சிக்கலில் மாட்டிவிடும். ஆகவே லிங்க்கை மட்டும் எழுதிக்கொண்டு நேராகப் போலீஸிடமோ 1098 குழந்தைகள் உதவி எண்ணிடமோ போங்கள். குழந்தையின் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் போக்சோவில் குற்றம்தான், "குடும்ப மானம்" என்று மூடி மறைக்கச் சொல்லும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மிரட்டிப் பணம் கேட்டால்

தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வந்து அதைப் பதிவு செய்துவிட்டு மிரட்டுவது, லோன் ஆப்காரன் காண்டாக்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு முகத்தை வேறு உடம்போடு ஒட்டி அனுப்புவது, பிரிந்துபோனவன் "திரும்பி வரவில்லை என்றால் ஏற்றிவிடுவேன்" என்பது, மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, கொடுப்பவர் என்று தெரிந்ததும் அடுத்த தொகை கேட்பார்கள். பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர்கள் கொடுத்த யூபிஐ எண்ணையோ வங்கிக் கணக்கையோ குறித்துக்கொண்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துச் சொன்னால், அந்தப் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் தனிக் குற்றம், படம் இன்னும் ஏறவே இல்லை என்றாலும் புகார் கொடுக்கலாம்.

ஏறுவதற்கு முன்பே தடுப்பது

படம் உங்கள் கையிலும் இருந்து, இனிமேல்தான் பரவும் என்ற பயம் இருந்தால், ஸ்டாப்-என்சிஐஐ (StopNCII) என்ற இலவசத் தளம் இருக்கிறது. பிரிட்டனின் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன் நடத்துவது, 2021 டிசம்பரில் தொடங்கியது, எந்த நாட்டில் இருந்தும் பயன்படுத்தலாம், 18 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே பலருக்கும் வரும் பயம், "அந்தப் படத்தை இன்னொரு தளத்திலா கொண்டுபோய்க் கொடுப்பது?" என்பது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து ஹேஷ் என்ற ஓர் எண் வரிசையை, அதாவது ஒரு டிஜிட்டல் கைரேகையை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும்தான் அனுப்புகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரெடிட், பம்பிள், போர்ன்ஹப் போன்ற தளங்கள் அந்தக் கைரேகையோடு ஒத்துப்போகும் படம் வந்தால் அடையாளம் கண்டு தடுக்கும். முடித்ததும் ஒரு எண்ணும் பின்னும் தருவார்கள், அதை நோட்டில் எழுதிவையுங்கள்.

18 வயதுக்குக் கீழே இருக்கும்போது எடுத்த படம் என்றால், அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்சிஎம்இசி நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவைக்குப் போங்கள், அதுவும் இதே முறைதான், பெயர்கூடக் கேட்காது.

இந்த இரண்டுக்கும் எல்லை உண்டு. படம் அவனிடம் மட்டும் இருந்து உங்களிடம் இல்லை என்றால் ஹேஷ் எடுக்க முடியாது. படத்தை நிறைய வெட்டி ஒட்டி மாற்றினால் தப்பிவிடலாம். வாட்ஸ்அப்புக்குள் ஆளுக்கு ஆள் அனுப்புவதையும் இதனால் நிறுத்த முடியாது. ஆனாலும் அரை மணி நேர வேலைதான், செய்துவிடுங்கள்.

தளத்துக்குப் புகார், அதற்குக் கெடு

இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்று ஒரு விதி இருக்கிறது. இதன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாலும் தப்பில்லை. நிர்வாணமாகவோ அரை நிர்வாணமாகவோ பாலியல் செயலிலோ உங்களைக் காட்டும் எதையும், முகத்தை மாற்றி ஒட்டிய போலிப் படத்தையும் சேர்த்து, நீங்கள் புகார் கொடுத்த பிறகு தளம் நீக்கியாக வேண்டும். 24 மணி நேரம் என்று இருந்த கெடுவை 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டது. நீக்கவில்லை என்றால், "யாரோ ஏற்றியதற்கு நான் பொறுப்பில்லை" என்று தளங்கள் ஒளிந்துகொள்ளும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவுப் பாதுகாப்பு போய்விடும்.

ஆப்பில் இருக்கும் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தும்போது "பிடிக்கவில்லை", "ஸ்பேம்" போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் புகார் சாதாரண வரிசையில் போய் நிற்கும். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பகிர்வது என்ற வகையைத் தேடித் தேர்ந்தெடுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய தளங்கள் எல்லாம் அவர் பெயரையும் முகவரியையும் தங்கள் தளத்தில் போட்டாக வேண்டும் என்பது விதி. மின்னஞ்சலில் கதை வேண்டாம், கோபமும் வேண்டாம், இந்த அளவு போதும்:

"கீழே உள்ள லிங்க்குகளில் இருப்பது என் அந்தரங்கப் படம் / வீடியோ. இதை வெளியிட நான் எப்போதும் சம்மதம் தரவில்லை. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021, விதி 3(2)(பி)-இன்படி, விதியில் சொன்ன கால அளவுக்குள் இதை நீக்க வேண்டும், இதே படம் மறுபடி ஏறாமல் தடுக்க வேண்டும். ஏற்றிய கணக்கின் விவரங்களையும் பதிவுகளையும் விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டும். இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணை அனுப்பவும்."

இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது நல்லது, தெரிந்தவர் ஒருவரை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசிக்கு முந்தைய வரியை, அதாவது கணக்கின் விவரங்களைப் பாதுகாக்கச் சொல்லும் வரியை, விட்டுவிடாதீர்கள். படத்தை நீக்கும்போது ஏற்றியவனின் தடயமும் சேர்ந்து போய்விட்டால் போலீஸுக்கு வேலை கடினமாகிவிடும். மின்னஞ்சலோடு அந்தப் படத்தை இணைக்கவே வேண்டாம், லிங்க் போதும்.

பதில் வரவில்லை, அல்லது "எங்கள் விதிமுறையை மீறவில்லை" என்று பதில் வந்தால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே போகலாம். ஆனால் அது மெதுவான வழி, அதற்காகக் காத்திருந்து போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபாசத் தளங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

பெரும்பாலானவர்கள் திகைத்து நிற்பது இங்கேதான். தளம் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாது, இந்தியாவில் அதிகாரி கிடையாது, யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் கடந்த சில வருடங்களில் இந்தத் தளங்களின் மீது விழுந்திருக்கும் கடமைகள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், கெஞ்ச வேண்டியதில்லை, கணக்குக் கேட்கலாம்.

2020 டிசம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். போர்ன்ஹப்பில் சம்மதமில்லாத வீடியோக்களும் சிறார்களின் வீடியோக்களும் கிடப்பதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் கட்டுரை வந்து பெரிய சத்தம் எழுந்தது, விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே தங்கள் அட்டைகளை நிறுத்தின, அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய வீடியோக்களை எல்லாம் அந்தத் தளம் லட்சக்கணக்கில் கழற்றியது. வருடக்கணக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் கெஞ்சியும் நடக்காதது, பணம் வரும் வழி அடைபட்டதும் சில நாளில் நடந்தது. அடுத்த வருடம் அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டு எல்லா ஆபாசத் தளங்களுக்கும் ஒரு நிபந்தனை போட்டது: வீடியோவை ஏற்றுபவர் மட்டும் போதாது, அதில் தெரியும் ஒவ்வொருவரின் வயதுக்கும் அடையாளத்துக்கும் ஆவணம் வாங்கியிருக்க வேண்டும், வெளியிடும் முன் சரிபார்க்க வேண்டும், சம்மதமில்லை என்று புகார் வந்தால் 7 வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

சம்மதம் என்பதை யாரிடம் வாங்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்றுகிறவனிடம் "இதில் இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்தார்களா" என்று கேட்டால் அவன் ஆமாம் என்றுதான் சொல்வான். கனடாவில் ஒரு பெண்ணின் வீடியோவை அவருடைய முன்னாள் காதலர் ஏற்றிய விவகாரத்தை அந்த நாட்டின் தனியுரிமை ஆணையர் விசாரித்து 2024 பிப்ரவரி 29 அன்று அறிக்கை வெளியிட்டார். போர்ன்ஹப்பை நடத்தும் ஐலோ நிறுவனம் ஏற்றியவரின் வாக்குறுதியை நம்பிக்கொண்டு, படத்தில் இருந்தவரிடம் நேரடியாகச் சம்மதம் வாங்காதது சட்ட மீறல் என்று அதில் தெளிவாகச் சொன்னார். நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும்: "என் சம்மதப் பத்திரம் எங்கே? என் அடையாள ஆவணம் எது? காட்டுங்கள்." காட்ட அவர்களிடம் எதுவும் இருக்காது.

நடைமுறையில் செய்வது இப்படி. தளத்தின் அடிப்பகுதிக்குப் போனால் சின்ன எழுத்தில் உள்ளடக்க நீக்கம் என்று ஒரு இணைப்பு இருக்கும், பக்கத்திலேயே 2257 என்ற எண்ணும் இருக்கலாம். அது நடிப்பவர்களின் வயதுக்கு ஆவணம் வைத்திருக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டப் பிரிவின் எண். நீக்கப் படிவத்தில் லிங்க்கைப் போட்டு, மேலே சொன்ன மின்னஞ்சலில் இரண்டு வரி சேருங்கள்: என் வயதையும் சம்மதத்தையும் நீங்கள் சரிபார்க்கவில்லை, நீக்காவிட்டால் உங்கள் அட்டைப் பணப் பரிமாற்ற நிறுவனத்துக்கும் புகார் செய்வேன். அமெரிக்கத் தளம் என்றால் 'டேக் இட் டவுன்' சட்டத்தையும் குறிப்பிடுங்கள், மேலே சொன்ன சேவைக்கும் இதே பெயர்தான், இது வேறு. 2025 மே 19 அன்று கையெழுத்தான சட்டம் அது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிப் படங்களையும் சேர்த்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்கிறது, அதற்கான புகார் வழியை அமைக்கத் தளங்களுக்கு ஒரு வருடம் கெடு கொடுத்தது.

சில தளங்கள் காப்புரிமைப் புகாருக்குத்தான் வேகமாக அசையும். நீங்களே எடுத்த செல்ஃபி என்றால் அதன் காப்புரிமை உங்களுடையது, அந்த வழியிலும் போகலாம். ஆனால் அந்தப் புகாரில் உண்மைப் பெயரும் முகவரியும் கேட்பார்கள், அது ஏற்றியவன் கைக்கே போக வாய்ப்புண்டு, சில நேரம் பொதுவில் வெளியாகவும் செய்யும். உங்கள் சார்பில் ஒரு வக்கீல் தன் பெயரில் அனுப்பினால் பாதுகாப்பு. படிவத்தில் அடையாள அட்டை கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதாரைப் பயன்படுத்துங்கள், அதன்மேல் "நீக்கப் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிவிட்டு அனுப்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளத்துக்குள் நுழைபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற கடமை வந்துவிட்டது, டெக்ஸாஸ் மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் செல்லும் என்றது. இந்தச் செய்திகளைச் சாக்காக வைத்து, "வயதை உறுதி செய்ய ஆதாரை ஏற்றுங்கள்", "கார்டு எண்ணைப் போடுங்கள்" என்று கேட்கும் போலிப் பக்கங்கள் முளைக்கலாம். இந்தியாவில் அப்படி ஆதார் கொடுத்து வயது காட்டச் சொல்லும் சட்டம் ஏதும் இல்லை. உங்கள் படம் இருக்கிறதா என்று தேடிப்போகும் பதற்றத்தில் கண்ட தளத்தில் ஆவணத்தை ஏற்றி, இரண்டாவது ஆபத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதேபோல, "காசு கொடுத்தால் நீக்கித் தருகிறோம்" என்று தளமே சொன்னால் அது மிரட்டல், நீக்கும் சேவை கிடையாது.

கூகுளில் பெயரைத் தேடினால் வருவது

தளம் அசையாவிட்டாலும், உங்கள் பெயரைத் தேடுகிறவருக்குக் கிடைக்காமல் செய்ய முடியும். தேடல் முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, முடிவை நீக்கக் கேட்கலாம், அந்தரங்கப் படங்களுக்கென்றே தனிப் படிவமும் இருக்கிறது. 2024-இலிருந்து ஒரு படத்தை நீக்க ஒப்புக்கொண்டால் அதன் நகல்களையும் தேடலில் காட்டாமல் இருக்க கூகுள் முயல்கிறது. பிங்கிலும் இதே மாதிரிப் படிவம் உண்டு. இது தேடலில் மட்டும்தான் மறைக்கும், மூலத் தளத்தில் படம் அப்படியே கிடக்கும் என்பதால் இதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

போலீஸ்

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்று தனிப் பகுதி உண்டு. அதில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஆனால் பெயரில்லாப் புகாரின் நிலையை நீங்கள் பின்தொடர முடியாது, ஆகவே ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுங்கள். அதோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் எழுத்துமூலம் போங்கள்.

நேரில் போகும்போது தெரிந்து வைத்திருக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும், "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு மாற்றிவிடுவது அவர்கள் வேலை. 77-வது பிரிவுப் புகாரைப் பெண் கொடுத்தால் அதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்று குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. எஃப்ஐஆர் நகல் இலவசம். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் உள்ளவர்தான் விசாரிக்க முடியும், எனவே ரைட்டரிடம் பேசி முடித்துவிடாமல் இன்ஸ்பெக்டரைப் பார்க்கக் கேளுங்கள். வாங்க மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உங்கள் வீடியோவை ஆண் போலீஸார் கூட்டமாக உட்கார்ந்து பார்க்க நீங்கள் அங்கே நிற்க வேண்டிய அவசியம் கிடையாது. எஃப்ஐஆரில் உங்கள் பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானதுதான், மறைக்கச் சொல்லி எழுத்திலேயே கேளுங்கள். சென்னையில் ஒரு பெண் வக்கீலுக்கு இந்த இரண்டுமே நடந்தது. கல்லூரிக் காலத்தில் பழகியவன் எடுத்த வீடியோ பல தளங்களில் பரவி அவர் உயர் நீதிமன்றம் போனபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போலீஸின் இந்த நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார். 2025 ஜூலையில் 48 மணி நேரத்துக்குள் வீடியோக்களை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்க நீக்க மறுபடி மறுபடி ஏறியது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2025 நவம்பரில் மத்திய மின்னணு அமைச்சகம் இப்படிப்பட்ட படங்களை நீக்குவதற்கான வழிமுறையை வகுத்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையமான ஒன் ஸ்டாப் சென்டரிலும் பாதிக்கப்பட்டவர் போய்ப் புகார் செய்யலாம் என்று வழி திறந்தது. காவல் நிலையப் படி ஏறவே கால் வரவில்லை என்றால் 181-க்கு அழைத்து உங்கள் மாவட்டத்து மையம் எங்கே என்று கேளுங்கள். முகம் தெரியாத அந்த வக்கீல் விடாமல் போராடியதால் இன்று மற்றவர்களுக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது, அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

எதுவும் நடக்கவில்லை என்றால்

அரசையும் போலீஸையும் நடவடிக்கை எடுக்க உத்தரவிடும்படி கேட்கும் ரிட் மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம், சென்னையிலும் மதுரைக் கிளையிலும். பெயருக்குப் பதில் எக்ஸ் என்று போட்டு நடத்தும்படி முதல் நாளே கேட்க வேண்டும், நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொள்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்ன ஒரு விஷயத்தை உங்கள் வக்கீலிடம் நினைவூட்டுங்கள்: அதே படம் மறுபடி வரும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவரே லிங்க் தேடிக்கொண்டு அலைய வேண்டும் என்று தேடுபொறிகள் எதிர்பார்க்கக் கூடாது. காசு இல்லை என்பது தடை இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைத்தாலோ மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனாலோ வக்கீல் தருவார்கள்.

இரவில் தூக்கம் வராமல் ஒவ்வொரு மணிக்கும் அந்த லிங்க்கைத் திறந்து திறந்து பார்ப்பது எல்லோருக்கும் நடப்பது. அந்த வேலையை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை அவர் தேடிப் பார்த்து நோட்டில் எழுதட்டும், புதிதாக ஏறியிருந்தால் பழைய புகார் எண்ணைச் சொல்லி மறுபடி புகார் போடட்டும். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் 14416-க்கு அழையுங்கள், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் பாதிக்கப்பட்டவரின் தோழியாகவோ அண்ணனாகவோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், படத்தைத் திறந்து பார்க்காதீர்கள், "ஏன் அனுப்பினாய்" என்று கேட்காதீர்கள், லிங்க்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விதி 3(2)(பி)-யில் பாதிக்கப்பட்டவர் சார்பாக வேறு யாரும் புகார் கொடுக்கலாம் என்று எழுதியே இருக்கிறது, அந்த மின்னஞ்சலை உங்கள் பெயரில் நீங்களே அனுப்பிவிடலாம்.